கிளாரிண்டாவில் முறை மாற்றம்

மாலை நாலு மணி. டிசம்பரில் நாலு மணி என்றால் எப்படி இருட்டியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கில்லிங்கத்திலிருந்து கப்பல்துறைக்கு இறங்குகிற சாலை. ஒரு பக்கம் உயரமான செங்கல் மதில். மறுபக்கம் ஆற்றுச் சேறு. அன்றைக்கு மூடுபனி வேறு... மஞ்சள் பனி, நாக்கில் புகை ருசிக்குமே, அது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஆற்றில் எங்கோ ஒரு படகின் மணி... டங்... அப்புறம் ஒன்றுமில்லை.

அந்தச் சாலையில் இரண்டு பேர் நடந்து போனார்கள். ஒருவன் சைலஸ் ட்விமன். என் சிநேகிதன் பர்ட் இருக்கிறானே, அவனுடைய பெரியப்பா மகன். இன்னொருவன் நெட் ஹோக்பென். சைலசின் தங்கை கெசியாவைக் கட்டியவன். மச்சான்கள் இரண்டு பேரும் ஒரே கப்பலில் உலைக்காரர்கள். நம்மைப் போலத்தான்... கப்பலின் அடிவயிற்றில் கரி அள்ளிப் போடுகிற பிழைப்பு.

கப்பல், டோரிண்டா.

"நம்ம அரமிண்டாவோட தங்கச்சியா?" என்று கேட்காதே பிஞ்சர், ஆமாம், அவளேதான். கிழட்டு மகாராணியின் கடைசி வருடங்களில் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கட்டிய மூன்று குரூசர்கள். நாம் படுத்திருக்கிற இந்த அரமிண்டா ஒன்று. டோரிண்டா ஒன்று. நாலு புகைபோக்கி, அதே பீரங்கி, அதே ஏணி, அதே துருப்பிடித்த ஆணி. முகப்பில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டால் கட்டியவனுக்கே அடையாளம் தெரியாது. நான் டோரிண்டாவில் இருந்துவிட்டு இங்கே மாறி வந்த முதல் நாள், இருட்டில் கையைத் தூக்கினேன். நான் படுக்கிற தூளிக்கு உண்டான கொக்கி சரியாகக் கைக்கு வந்தது. அங்கே தலையில் இடித்த குழாய் இங்கேயும் இடித்தது.

மூன்றாவது, கிளாரிண்டா. அவள் இப்போது இல்லை.

ஸ்பெயின் கரையோரம், இதே மாதிரிப் பனியில் பாறையில் ஏறினாள். மேலே இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் படகில் தப்பினார்கள். கீழே, பின் உலையறையில் இருந்தவர்கள் வரவில்லை. தண்ணீர் புகுந்ததும் இரும்புக் கதவுகளை மூடச் சொன்னார்கள். சரியான உத்தரவுதான். மூடாமல் இருந்தால் ஒருவனும் மிஞ்சியிருக்க மாட்டான். ஆனால் அது முறை மாறுகிற நேரம். மாற்று ஆட்கள் ஏணியின் தலைப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் கதவு மூடியது.

கீழே இருந்தவர்களை யாரும் மாற்றவில்லை.

நம் தொழிலில் அது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மாற்று ஆள் வந்து கரிவாரியைக் கையில் வாங்கும்வரை எவனும் உலையை விட்டு நகரக் கூடாது. செத்தாலும் நகர மாட்டோம் என்று நாமே விளையாட்டுக்குச் சொல்வோம்...

சரி. சாலைக்கு வருகிறேன்.

பாதி வழியில் பொரித்த மீன் கடை ஒன்று இருக்கிறது. பனியிலும் அந்த எண்ணெய் வாசனை வந்தது. நெட்டுக்குத் தீனி என்றால் உயிர்.

"நீ நட மச்சான். ரெண்டு துண்டு வாங்கிட்டு பின்னாலயே ஓடி வந்துடறேன்" என்றான்.

"கப்பல்ல சாப்பாடு போடாம பட்டினியா போடறாங்க உன்ன?"

"கப்பல் சாப்பாட்டச் சாப்பாடுன்னு சொல்ற ஒரே ஆளு நீதான். போ, போ. உனக்கும் சேத்துதான் வாங்கறேன்."

சைலஸ் சிரித்துக்கொண்டே நடந்தான். மதிலைக் கையால் தடவிக்கொண்டே போனான். கப்பல்துறை வாசலில் காவல்காரன் இருமுகிற சத்தம் கேட்டது. உள்ளே தண்டவாளம் காலில் தட்டியது. வலது பக்கம் திரும்பினான். பனிக்குள் பெரிய கறுப்புச் சுவர் ஒன்று நின்றது. கப்பலின் பக்கவாட்டு. நிமிர்ந்து பார்த்தான். பனிக்கு மேலே மங்கலாக நாலு புகைபோக்கி. அவனுக்கு அது போதும். நடைபலகையில் ஏறினான்.

நடைபலகைத் தலைப்பில் யாராவது நிற்க வேண்டும். நிற்கவில்லை. பனிக்குப் பயந்து உள்ளே போயிருப்பான் என்று நினைத்தான்.

கீழ்த்தளத்தில் ஒரே ஒரு விளக்கு. மேசைகள் இருந்தன. ஆட்கள் இல்லை. டீ வாசனை இல்லை, புகையிலை வாசனை இல்லை. வேறு ஒரு வாசனை... ஆற்றில் தண்ணீர் இறங்கிய பிறகு சேறு ஒரு நாற்றம் அடிக்குமே, அது. அவன் கப்பலுக்குள் அந்த நாற்றத்தை முகர்ந்ததில்லை.

அப்போது விசில் ஊதியது. முறை மாற்றும் விசில். தூரத்திலிருந்து வருவது மாதிரி... தண்ணீருக்குள் ஊதுவது மாதிரி.

'ஐயோ, நேரமாகிவிட்டது போல. எல்லோரும் இறங்கிவிட்டார்கள்' என்று நினைத்தான். மேல்சட்டையைக் கழற்றி எறிந்தான். பின் உலையறைக்கு இறங்கும் ஏணிக்கு ஓடினான்.

உலையறை ஏணியை நாம் எப்படிப் பிடிப்போம்? துணியைச் சுற்றிக்கொண்டு. கம்பி சுடும். சைலஸ் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பிடித்தான். துணியைத் தாண்டிக் குளிர் ஏறியது. எலும்புவரை ஏறியது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். பர்ட்டிடம் அவன் சொன்னானாம், "ஏன் திரும்பல தெரியுமா? முறைக்கு லேட்டா வந்தா திட்டுவாங்கன்னு பயந்தேன்டா. அவ்வளவுதான். வேற எந்தப் பயமும் அப்ப வரல."

ஏணியின் கடைசிப் படிக்குக் கீழே தண்ணீர். கணுக்கால் அளவு.

உலைகள் எரிந்துகொண்டிருந்தன. சிவப்பு வெளிச்சம் இருந்தது. சூடு இல்லை. ஆட்கள் இருந்தார்கள்... ஒவ்வொரு உலைக்கும் ஒருவன். முதுகு மட்டும் தெரிந்தது. குனிந்தார்கள், அள்ளினார்கள், போட்டார்கள். இரும்புத் தரையில் கரிவாரி உரசினால் எலும்பு கூசும் அளவுக்குச் சத்தம் வரும். இங்கே வரவில்லை. தண்ணீர் மட்டும் எங்கோ ஒழுகியது. சொட்டு... சொட்டு என்றில்லை. நூலாக, நிற்காமல்.

பக்கத்தில் இருந்தவன் திரும்பினான். ஒல்லியான ஆள். கழுத்தில் வியர்வைத் துணி. முகமெல்லாம் கரி. கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக, உப்பிப்போய் இருந்தது.

"வந்துட்டியா..." என்றான். ரொம்ப மெதுவாக. "வர மாட்டாங்களோன்னு நெனச்சேன். பிடி."

கரிவாரியை நீட்டினான். சைலஸ் வாங்கினான். யோசித்து வாங்கவில்லை. வருடக்கணக்காக, இறங்கினதும் கையை நீட்டி வாங்குகிற பழக்கம். கை தானாகப் போயிற்று.

முறை ஒப்படைக்கும்போது உலை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் அல்லவா? அவனும் சொன்னான்.

"நடு உலை நல்லா எரியுது. எடது பக்கம் கொஞ்சம் அடைக்குது, கிளறி விடு. தண்ணி கொஞ்சம் ஏறுது."

அவ்வளவுதான். ஏணியில் ஏறினான். அவன் காலிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே போனது. மேலே கதவு மூடுகிற சத்தம்... டம்ம்ம்.

அப்போதுதான் சைலஸ் சுவரில் தொங்குகிற வாளியைப் பார்த்தான். நெருப்புக்கு வைக்கிற சிவப்பு வாளி. அதில் கப்பலின் பெயர் எழுதியிருக்கும். டோரிண்டா என்று இருக்க வேண்டும்.

கிளாரிண்டா என்று இருந்தது.

சிரித்து முடி, பிஞ்சர். நான் காத்திருக்கிறேன். "உங்காளு அன்னிக்கு எத்தன குவள ரம் போட்டான்?" என்றுதானே கேட்கப் போகிறாய்? எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். கப்பல் மருத்துவர் வாயை முகர்ந்தே பார்த்தார். சைலஸ் தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவன். குடிக்காதவன்.

கரிவாரியைக் கீழே போடப் பார்த்தான். விரல் திறக்கவில்லை. ஏணிப் பக்கம் போகப் பார்த்தான். கால் கேட்கவில்லை. ஆனால் அள்ளுவதற்கு மட்டும் இடுப்பு வளைந்தது, கை போனது. அள்ளினான். போட்டான். அள்ளினான். கரி ஈரமாக இருந்தது. ஈரக் கரி எரியாது. எரிந்தது. எவ்வளவு அள்ளினாலும் குவியல் குறையவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது... அப்புறம் இறங்கிற்று... மறுபடியும் வந்தது.

எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்து உலையில் இருந்தவன் வயதானவன். அவனிடம் கேட்டான்.

"எப்ப மாத்துவாங்க?"

"ஆள் வந்தா மாத்துவாங்க."

"ஆள் வரலேன்னா?"

கிழவன் அள்ளுவதை நிறுத்தவில்லை. "ஏன் வராம? நீ வந்தியே" என்றான். குரலில் கோபம் இல்லை. வஞ்சம் இல்லை. பர்ட்டிடம் சைலஸ் அழுதது இந்த இடத்தில்தான். "நல்லவங்கடா அவங்க எல்லாரும். நம்ம மாதிரிதான் இருந்தாங்க" என்றானாம்.

பிறகு... ஒரு வாசனை வந்தது. பொரித்த மீன். காடி ஊற்றிய பொரித்த மீன்.

சைலசுக்கு உயிரே போயிற்று.

ஏணியில் பூட்ஸ் கால் தெரிந்தது. நெட் இறங்கினான். கையில் காகிதப் பொட்டலம்.

"எங்கடா மச்சான் போய்த் தொலைஞ்ச? மேல ஒரு ஈ, காக்கா இல்ல. முறை மாத்திட்டாங்களா அதுக்குள்ள? என்னடா இது, உலையறையா ஐஸ் கிடங்கா?"

அவ்வளவு நேரம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எல்லோரும் கரிவாரியை நீட்டினார்கள். ஒரே நேரத்தில். ஒரு சத்தமும் இல்லாமல்.

நெட் அவர்களைப் பார்க்கவே இல்லை. மச்சானைத்தான் பார்த்தான்.

"என்னடா முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு? உடம்பு சரியில்லையா?"

போடா மேலே, ஓடு, ஓடிப் போ, கெசியாவை நினைச்சுக்கோ என்று சைலஸ் கத்தினான். நெஞ்சுக்குள் கத்தினான். வாயைத் திறந்தான். வாயிலிருந்து வந்தது வேறு.

"வந்துட்டியா... பிடி."

அவன் கை தானாக நீண்டது. விரல்கள் இப்போது திறந்தன.

நெட் பொட்டலத்தை அவன் இடது கையில் திணித்தான். வலது கையிலிருந்து கரிவாரியை வாங்கிக்கொண்டான். "போய் உக்காந்து சாப்புடு. ஆறிடப் போவுது. உன் முறைய நான் பாத்துக்கறேன்" என்றான். பிரியத்தோடு சொன்னான். அதுதான் கொடுமை.

சைலசின் வாய் பேசிக்கொண்டே இருந்தது. "நடு உலை நல்லா எரியுது. எடது பக்கம் கொஞ்சம் அடைக்குது. தண்ணி கொஞ்சம் ஏறுது." கால்கள் ஏணியில் ஏறின. ஏற வேண்டாம், ஏற வேண்டாம் என்று ஒவ்வொரு படியிலும் பல்லால் கம்பியைக் கடித்துப் பிடிக்கப் பார்த்திருக்கிறான். முன்பல் ஒன்று உடைந்தே போயிற்று. கீழே நெட்டின் குரல் கேட்டது... "தண்ணியா? ஏய், எங்கேருந்து வருது தண்ணி? மச்சான்... மச்சான்?"

டம்ம்ம்.

விளக்குகளோடு வந்த ஆட்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். கப்பல்துறையின் தென்கோடியில், காலியாகக் கிடக்கிற ஒரு துறைமேடைக்குக் கீழே, சேற்றில் இடுப்பளவு புதைந்து உட்கார்ந்திருந்தான். டோரிண்டா மறுகோடியில் இருந்தாள். அந்தத் துறைமேடையில் பல மாதங்களாகக் கப்பலே கட்டவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. மடியில் காகிதப் பொட்டலம்.

மீன் இன்னும் சூடாக இருந்தது.

நெட்டைத் தேடினார்கள். சேற்றைக் கிளறினார்கள், படகு விட்டார்கள். காவல்காரன் அவன் வாசல் தாண்டி உள்ளே போனதைப் பார்த்திருக்கிறான். வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. கடைசியில் ஓடிப்போனவன் என்று எழுதிவிட்டார்கள். வேறு என்ன எழுதுவார்கள்?

கெசியாவிடம் சைலஸ் எல்லாவற்றையும் சொன்னான். மறைக்கவில்லை. அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். அழவில்லை. அவனைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. நம்பினாள். நம்பாமல் இருந்திருக்கலாம்.

"அப்ப அவரு இன்னும் அங்கதான் இருக்காரா, அண்ணா?"

"ஆமா."

"யாராச்சும் போனா மேல வந்துடுவாரு."

சைலஸ் தோல் உரிந்த உள்ளங்கையைப் பார்த்தான்.

"நீ போனா வந்துடுவாரு" என்றாள் கெசியா.

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சண்டை போட்டதில்லை, சபித்ததில்லை. அண்ணனுக்குச் சோறு போட்டாள், சட்டை தைத்துக் கொடுத்தாள். ஆனால் காலையில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பாள். பனி இருந்தால் ஒன்று மட்டும் சொல்வாள்.

"இன்னிக்கு நல்ல பனி, அண்ணா."

அவ்வளவுதான்.

சைலசைக் கப்பலிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கை சரியில்லை. கரண்டியைப் பிடித்தால் விட முடியாது, இன்னொருவர் விரலைப் பிரித்துவிட வேண்டும். பனி விழுகிற நாளெல்லாம் அந்தத் துறைமேடைக்குப் போனான். சேறுதான் இருந்தது. நின்று பார்த்துவிட்டு வருவான். கப்பல் இல்லையே என்று வருத்தப்படுவானா, அப்பாடா என்று மூச்சு விடுவானா... அவனுக்கே தெரியவில்லை என்று பர்ட் சொன்னான். வீட்டுக்கு வந்தால் கெசியா வாசலில் நிற்பாள். அவன் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாள். அப்புறம் உள்ளே போய்விடுவாள். ஒரு குளிர்காலம் முழுவதும் இப்படி. அடுத்த குளிர்காலமும்.

போன பிப்ரவரியில், உங்களுக்கு நினைவிருக்கும், நாலைந்து நாள் விடாமல் பனி அடைத்தது. படகுப் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் சைலஸ் குளித்தான். சவரம் செய்தான். பழைய உலையறைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். தங்கையின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

திரும்பி வரவில்லை.

விளக்கு ஏற்றுகிற நேரம் தாண்டிற்று. கெசியா அடுப்பை நன்றாக மூட்டினாள். வெந்நீர் வைத்தாள். நெட்டின் சட்டை ஒன்றை எடுத்துச் சூடேற அடுப்புப் பக்கம் காயப் போட்டாள். உட்கார்ந்தாள்.

கதவு தட்டும் சத்தம்.

ஓடிப்போய்த் திறந்தாள்.

வாசலில் ஒருவன் நின்றான். உலைக்காரன். முகமெல்லாம் கரி. கழுத்தில் துணி. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணைச் சுற்றி வெள்ளையாக, உப்பிப்போய்...

நெட் இல்லை.

அவள் வாழ்க்கையில் பார்த்திராத ஒருவன். வயதானவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ரொம்ப மரியாதையாக நின்றான்.

"மன்னிச்சுக்கம்மா" என்றான். "உங்க அண்ணன் உங்க வீட்டுக்காரரத் தேடித்தான் வந்தாரு. கீழ எல்லா மூஞ்சியும் கரி, அடையாளம் தெரியல. எல்லாரும் கைய நீட்டினோம். என்னோடது மொதல்ல அவரு கையில பட்டுருச்சு. நான் வேணும்னு செய்யலம்மா."

கெசியா அவன் தோளுக்குப் பின்னால் பனியைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காரு. பக்கத்து உலைதான். மச்சானும் மச்சானும் சேந்துதான் இருக்காங்க. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு... இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம். தூங்கச் சொன்னாரு."

அவன் போகத் திரும்பினான். தெருவைப் பார்த்தான். பனியில் வரிசையாக மங்கின ஜன்னல்கள். மறுபடியும் அவள் பக்கம் திரும்பினான். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியது போல இருந்ததாம்.

"அம்மா... இந்தத் தெருவுல உலைக்காரங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

கெசியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்புப் பக்கம் நெட்டின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

சொன்னாள்.

ஒவ்வொரு வீடாகக் கையைக் காட்டி, பெயர் சொல்லிச் சொன்னாள். அவன் ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் திரும்பச் சொல்லிக்கொண்டான். நன்றி சொன்னான். பனிக்குள் நடந்து போனான்.

அது எந்தத் தெரு என்று நான் இதுவரை சொல்லவில்லை. பிஞ்சர், உனக்குத் தெரியும். நீயும் அங்கேதான் குடியிருக்கிறாய். நானும் அங்கேதான். ஏன் எல்லோரும் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டீர்கள்?

கெசியா இதை பர்ட்டிடம் ஒருவனிடம்தான் சொன்னாள். ரத்த சொந்தம் என்பதால் சொன்னாள். அவனும் அந்தத் தெரு உலைக்காரன்தான், ஆனால் அவன் பெயரை அவள் கொடுக்கவில்லையாம். பர்ட் கனடாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்து இவ்வளவையும் சொன்னான்.

"மத்த பேரெல்லாம் என்னடா?" என்று கேட்டேன்.

பர்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நெடுநேரம் விடவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.